நினைப்பும் நிமிர்வும்

ஆட்டையாம்பட்டி கை முறுக்கைச் சுற்றக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். பிசைந்த அரிசி மாவில் கொஞ்சம் கிள்ளி எடுத்து, இரு விரலுக்கும் நடுவே உருட்டித் திருகிக்கொண்டே துணிமேல் வட்டமாக இறக்க வேண்டும். திருகுவதும் இறக்குவதும் ஒரே ஓட்டத்தில் நடக்கும். மாவு இளகியிருந்தால் திருகு நிற்காது. இறுகியிருந்தால் பாதி வட்டத்திலேயே அறுந்துபோகும். பல வருடம் சுற்றிப் பழகிய அக்காமார் இதைப் பேசிக்கொண்டே செய்வார்கள். மகள் கல்யாணம், சீட்டுப் பணம், ரேஷன் கடை என்று பேச்சு எங்கெங்கோ போகும். விரல் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அவர்களில் ஒருவரிடம், "இந்தத் திருகு எப்படிங்க்கா விழுது? கட்டைவிரல் முன்னால போகுதா, பின்னால வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தன் விரலைத் தானே பார்ப்பார். கை மெதுவாகும். தோள் லேசாக மேலே ஏறும். மூச்சு ஒரு நொடி நிற்கும். வட்டம் கோணிக்கொள்ளும். "நீங்க கேட்டதும் எனக்கே வரமாட்டேங்குதுங்க" என்பார். கேள்வி காதில் விழுந்ததற்கும் தோள் மேலே ஏறியதற்கும் நடுவில் அவர் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நிற்பது, உட்காருவது, குனிவது எல்லாவற்றையும் நாம் பெரும்பாலும் எலும்பு, தசை, நாற்காலியின் உயரம் என்று உடம்புக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். கடந்த அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் இன்னொன்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்கின்றன. அந்த நேரத்தில் மனம் எதன்மேல் இருக்கிறது, எதற்கு அவசரப்படுகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதும் முதுகெலும்பின்மேல் ஏறும் பாரத்தை மாற்றுகிறது.

1967-இல் சோவியத் ரஷ்யாவில் பெலென்கி, குர்ஃபிங்கெல், பால்ட்செவ் என்ற மூவர் எளிமையான ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நின்றுகொண்டிருக்கும் ஒருவர், சைகை கிடைத்ததும் கையை முன்னால் தூக்க வேண்டும். தோளிலும் காலிலும் மின்வாய்களை ஒட்டி, எந்தத் தசை எப்போது விழிக்கிறது என்று பதிவு செய்தார்கள். தூக்குவது கை, ஆகவே தோள் தசைதான் முதலில் துடிக்க வேண்டும். ஆனால் முதலில் துடித்தது தொடையின் பின்புறத் தசை. கை இன்னும் அசையவே இல்லை. கை முன்னால் போனால் உடம்பு முன்னால் சாயப்போகிறது என்பதை மூளை முன்கூட்டியே கணித்து, காலில் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் கையை அனுப்புகிறது.

1982-இல் கார்டோ, நாஷ்னர் என்ற இருவர் இதை இன்னும் கொஞ்சம் தோண்டினார்கள். நிற்பவர் எதிரே இருக்கும் கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். கைத்தசைக்கு முன்னால் கெண்டைக்கால் தசை இயங்கியது. அதே ஆளை மார்பைச் சாய்த்துக்கொள்ள ஒரு முட்டுக் கொடுத்து இழுக்கச் சொன்னபோது, கெண்டைக்காலின் அந்த முன்வேலை ஏறக்குறைய மறைந்துபோனது. கையும் அதே கை, இழுப்பும் அதே இழுப்பு. விழமாட்டோம் என்று தெரிந்ததும் கால் தன் ஏற்பாட்டைக் கைவிட்டது. இதை எளிய அனிச்சைச் செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. சூழ்நிலையைப் புரிந்துகொண்டு போட்ட திட்டம் இது. எழுந்திருக்கலாம் என்று நினைத்ததுமே உடம்பு எழத் தொடங்கிவிடுகிறது. நமக்குத் தெரிவது அதன் பிற்பகுதி மட்டுமே.

அந்தத் தொடக்கத்திலேயே தப்பான பழக்கம் ஒட்டிக்கொண்டால்? எழுந்திருக்கப் போகும் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். இருக்கையை விட்டுக் கிளம்பும் முன்பே பலருக்குத் தலை பின்னால் இழுபடும், கழுத்து குறுகும், கை முழங்காலைப் பிடிக்கும். எழுவதற்கு இது எதுவும் உதவுவதில்லை. "எழுந்திரு" என்ற எண்ணத்தோடு சேர்ந்தே இதுவும் வந்துவிடுகிறது.

இதைத் தன் உடம்பிலேயே கண்டுபிடித்தவர் ஒரு நடிகர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1869-இல் பிறந்த பிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர், மேடையில் நாடகப் பகுதிகளைச் சொல்லிக்காட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர். மேடையில் நின்றால் குரல் கட்டியது. ஓய்வெடுத்தால் சரியானது, மறுபடி மேடை ஏறினால் மறுபடி கட்டியது. அப்படியானால் மேடையில் தான் செய்யும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று முடிவுக்கு வந்து, கண்ணாடிகளை வைத்துத் தன்னையே பார்க்கத் தொடங்கினார். பேச வாயெடுக்கும்போது தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்தி, மூச்சை உறிஞ்சுவது தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. பேச வேண்டும் என்று நினைத்த கணத்திலேயே கழுத்து இழுபட்டுவிட்டது. கடைசியில் அவர் திருத்தியது கழுத்தை நேராகப் பிடித்து அல்ல. பேசும் எண்ணம் எழும்போது அதற்கு உடனே இணங்காமல் ஒரு கணம் நின்று, கழுத்தைத் தளர விட்டு, அதன்பிறகு பேசலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கக் கற்றுக்கொண்டார். அவருடைய பயிற்சி முறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி அவரிடம் பாடம் கேட்டு அவர் நூல்களுக்கு முன்னுரை எழுதினார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பர்கன், நோபல் உரையில் கணிசமான பகுதியை இந்த முறைக்குக் கொடுத்தார்.

பெரிய பெயர்கள் புகழ்ந்ததால் ஒரு முறை உண்மையாகிவிடாது. அதற்கு அளவீடு வேண்டும். அந்த அளவீடு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

நாம் சும்மா நிற்கும்போதும் தசைகள் முழுக்கத் தூங்குவதில்லை. கயிற்றுக் கட்டிலின் கயிறு ஆள் படுக்காதபோதும் ஓரளவு இழுவிசையில் இருப்பதைப்போல, கழுத்து, முதுகு, இடுப்புத் தசைகள் எப்போதும் மெல்லிய விறைப்பில் இருக்கின்றன. இந்த விறைப்பை அளப்பது கடினம், தொட்டாலே மாறிவிடும். 1967 சோதனையைச் செய்த அதே குர்ஃபிங்கெல், பிற்காலத்தில் அமெரிக்காவின் ஓரிகானில் இதற்கொரு கருவியை உருவாக்கிய குழுவில் இருந்தார். ஆள் ஒரு மேடைமேல் நிற்க வேண்டும். மேடை ஒரு நொடிக்கு ஒரு பாகை என்ற அளவில், ஏறக்குறைய உணரவே முடியாத வேகத்தில் திரும்பும். தோள் அல்லது இடுப்பு மட்டும் சட்டத்தில் நிலையாகப் பிடிக்கப்பட்டிருக்கும். கால் திரும்ப, மேல் உடம்பு திரும்பாதிருக்க, முதுகு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை உடம்பு எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். பொதுவாக எல்லாரும் ஒரே மாதிரி நிற்பதாகத்தான் வெளியே தெரிந்தது. கருவியின்மேல் ஏறினால் ஒருவர் மரக்கட்டையாக எதிர்த்தார், இன்னொருவர் முறுக்கோடு சேர்ந்தே இளகிக்கொடுத்தார்.

கச்சியடோரே என்ற ஆய்வாளரும் குர்ஃபிங்கெல் உள்ளிட்ட குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அலெக்சாண்டர் முறையைப் பல ஆண்டுகள் பயின்ற ஆசிரியர்களையும் அவர்களை ஒத்த வயதுள்ள மற்றவர்களையும் இந்த மேடையில் நிறுத்தினார்கள். ஆசிரியர்களின் உடல் நடுப்பகுதியிலும் இடுப்பிலும் விறைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான் இருந்தது. அவர்கள் தொய்ந்து நிற்கவில்லை, நேராகத்தான் நின்றார்கள். நேராக நிற்க இறுக்கம் தேவை என்ற நம் எல்லாருடைய நம்பிக்கையையும் அந்த அளவு கேள்விக்குள்ளாக்கியது.

முதுகுவலிக்காரர்களுக்கு இதனால் பலன் உண்டா என்பதைப் பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்தார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2008-இல் வெளியான அந்த ஆய்வில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 579 பேர் கலந்துகொண்டார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. அலெக்சாண்டர் முறையில் 24 பாடம் கேட்டவர்களுக்கு அது 3 நாளாகக் குறைந்திருந்தது. இதையெல்லாம் எண்ணத்தின் பலன் என்று முழுக்கச் சொல்லிவிடக் கூடாது. ஆசிரியர் கையால் தொட்டு வழிகாட்டுகிறார். ஒருவர் நம்மை அக்கறையாகக் கவனிக்கிறார் என்பதே வலியைக் குறைக்கும். ஆனால் பாடங்கள் முடிந்த பின்னும், ஓராண்டுக் கணக்கெடுப்பு வரையில், பலன் கரையாமல் நின்றது. ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் அவர்கள் தமக்குத் தாமே ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

ஒரு மனிதருக்குச் சொல்லும் சொல்லே அவர் நிற்கும் விதத்தை மாற்றுமா என்பதை நேரடியாகச் சோதித்தவர் ரஜல் கோஹன். 2015-இல் வெளியான அவருடைய ஆய்வில் பார்க்கின்சன் நோயுள்ள 20 பேர் கலந்துகொண்டார்கள். இந்த நோயில் உடம்பு முன்னால் வளைந்து, நடுமுதுகு விறைத்து, முதல் எட்டு எடுத்து வைப்பதே போராட்டமாகிவிடும். அவர்களுக்கு மூன்று விதமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று, தசைகளைப் பயன்படுத்தி உடம்பை மேலே இழுத்துப் பிடிப்பது. இரண்டாவது, உடம்பு முயற்சி இல்லாமல் தானே லேசாகி உயர்வதாக எண்ணுவது. மூன்றாவது, சும்மா தளர்ந்து நிற்பது. முதல் இரண்டிலும் அவர்கள் தளர்ந்து நின்றதைவிட நிமிர்ந்தே நின்றார்கள். ஆனால் உடம்பின் தள்ளாட்டமும் நடுமுதுகின் விறைப்பும் குறைந்தது, லேசாகி உயர்வதாக எண்ணியபோது மட்டும்தான். எட்டெடுத்து வைக்கும் தொடக்கமும் அப்போது சீராக இருந்தது. மருந்தை மாற்றவில்லை, உடற்பயிற்சி கொடுக்கவில்லை. மாறியது சொன்ன சொல் ஒன்றுதான்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "கூன் விழுந்துடும் கண்ணு, நிமிந்து உக்காரு" என்கிறோம். பிள்ளை நெஞ்சைத் தள்ளி, தோளைப் பின்னால் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும். நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி தொய்ந்துவிடும். பிடிவாதம் என்று நாம் திட்டுகிறோம். இழுத்துப் பிடித்த தசை களைத்துப்போய்க் கைவிட்டது என்பதுதான் உண்மை. இந்தக் கட்டளையை நாம் தலைமுறை தலைமுறையாகத் தவறாகவே கொடுத்துவருகிறோம் என்று நான் நம்புகிறேன். "தலை லேசா மேல போறாப்பல நெனைச்சுக்க, தோளை அது பாட்டுக்கு விட்டுடு" என்று சொல்லிப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

முறுக்குச் சுற்றும் அக்காவின் கை ஏன் தடுமாறியது என்பதற்கு விடை தருவது காப்ரியேலே வுல்ஃப் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் வேலை. பனிச்சறுக்குப் பழகுவதற்கான ஆடும் மேடைமேல் ஆட்களை ஏற்றி, ஒரு குழுவிடம் தங்கள் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார். இன்னொரு குழுவிடம் பாதத்துக்கு அடியில் இருந்த மேடையின் சக்கரத்தைக் கவனிக்கச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. ஆனால் சக்கரத்தைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். 1998-இல் இது வெளியானது. பிறகு கூடைப்பந்து எறிவது, எடை தூக்குவது என்று பல வேலைகளில் இதே முடிவு வந்தது. தன் கை கால்களைக் கவனிப்பவரின் தசைகள் தேவைக்கு அதிகமாக இறுகுகின்றன. தான் செய்யும் பொருளைக் கவனிப்பவருக்கு உடம்பு தன்னைத் தானே ஒழுங்கு செய்துகொள்கிறது. அந்த அக்காவின் மனம் இத்தனை நாளும் துணிமேல் விழும் வட்டத்தின்மேல் இருந்தது. நம் கேள்வி அதைப் பிடுங்கிக் கட்டைவிரலில் வைத்தது. புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பழகியவர்கள், "விரலைப் பாக்காத, வட்டத்தைப் பாரு" என்று சொன்னால், அது ஆய்வகம் சொல்லும் முறையேதான்.

ஆட்டையாம்பட்டி போன்ற ஊருக்கு நெருக்கமான செய்தி இன்னொன்று உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

சேலத்துக்குத் தெற்கே, நாமக்கல் மாவட்ட எல்லையை ஒட்டிய இந்தப் பக்கம் முழுக்க உட்கார்ந்தும் குனிந்தும் செய்யும் வேலைதான். முறுக்குச் சுற்றுபவர் தரையில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்திருப்பார். இளம்பிள்ளை, வெண்ணந்தூர் பக்கம் போனால் தறிச் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். விசைத்தறியில் ஒருவரே பல தறியைப் பார்த்துக்கொள்வார். ஒரு தறியில் இழை அறுந்தால் ஓடிப்போய்க் குனிந்து முடிச்சுப் போட வேண்டும். அதற்குள் இன்னொரு தறி நிற்கும். பெரும்பாலும் செய்த கணக்குக்குத்தான் கூலி. இடுப்புவலி, கழுத்துவலி இல்லாதவரை இங்கே தேடிப் பிடிக்க வேண்டும். காரணம் கேட்டால் தரை, தறியின் உயரம், வயது என்பார்கள். எல்லாம் சரிதான். அவசரத்தையும் அச்சத்தையும் யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மாராஸ் என்பவரின் ஆய்வகம் முதுகெலும்பின்மேல் விழும் பாரத்தைக் கணக்கிடுவதில் பேர்போனது. 2000-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் 25 பேர் பாரம் தூக்கினார்கள். முதல் சுற்றில் சோதனை நடத்துபவர் இனிமையாகப் பேசினார். அடுத்த சுற்றில் அதே பாரம், அதே உயரம். ஆனால் சோதனை நடத்துபவர் கடுகடுப்பாகக் குறைசொல்லிக்கொண்டே இருந்தார். பலருக்கு முதுகெலும்பின்மேல் விழுந்த பாரம் கூடியது. எல்லாருக்கும் ஒரே அளவில் கூடவில்லை. கலகலப்பாகப் பழகுபவர்களைவிட உள்ளொடுங்கிய சுபாவம் உள்ளவர்களுக்கு அதிகமாகக் கூடியது. திட்டு வாங்கி வாய்பேசாமல் நிற்பவரின் முதுகு அந்தத் திட்டை வாங்கிக்கொண்டிருந்தது.

அது நடக்கும் விதம் இதுதான். பாரம் தூக்க முதுகுத் தசை இழுத்தால் போதும். வயிற்றுத் தசை ஓரளவு தளர்ந்திருக்கலாம். மனம் பதறும்போது இரண்டு பக்கத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் அந்த விசை முழுவதும் நடுவில் இருக்கும் முதுகெலும்பின் வட்டுகளை நசுக்குகிறது. வெளியே வேலை ஒன்றும் கூடவில்லை. உள்ளே பாரம் கூடிவிட்டது. அதே ஆய்வகம் இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்றையும் காட்டியது. தூக்கிக்கொண்டே, இந்தப் பொருளை எங்கே வைப்பது என்று அப்போதே தீர்மானிக்க வேண்டியிருந்தால், முதுகின் பாரம் ஏறியது. கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களிடமும் இதைக் கண்டிருக்கிறார்கள்: மனநெருக்கடியான கணக்கைக் கொடுத்தால், கை அசையாதபோதே கழுத்திலிருந்து தோளுக்கு வரும் தசை இறுகுகிறது.

ஆகவே பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் தறிக்கூடம் நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மணை போடுவதும், தறியின் உயரத்தைச் சரிசெய்வதும், ஃபேன் மாட்டுவதும் நல்ல காரியங்கள், அவை நடக்கட்டும். அதோடு, வேலை செய்பவரின் தலைக்குப் பின்னால் நின்று விரட்டுவதை நிறுத்துங்கள். அது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. அவருடைய முதுகெலும்பின்மேல் நீங்கள் ஒரு கூடுதல் மூட்டையை ஏற்றுகிறீர்கள். அந்த மூட்டையை எந்தத் தராசும் காட்டாது.

அச்சமும் இப்படித்தான். கனடாவில் நடந்த சோதனைகளில் ஒரே ஆளை 40 செ.மீ. உயர மேடையிலும் 160 செ.மீ. உயர மேடையின் விளிம்பிலும் நிறுத்தி, உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தார்கள். உயரத்தில் ஆட்டத்தின் அளவு குறைந்தது, வேகம் கூடியது. அதாவது உடம்பு விறைத்துக்கொண்டு சிறு சிறு துடிப்பாக நின்றது. சங்ககிரி மலைக்கோட்டையின் சுவர் விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது கணுக்கால் கட்டையாவது இதனால்தான். இளம் வயதில் இந்த விறைப்பு நம்மைக் காப்பாற்றக்கூடும். ஏற்கெனவே ஒருமுறை விழுந்து, மறுபடி விழுவோமோ என்ற பயத்திலேயே நடக்கும் பெரியவருக்கு, திடீரென்று ஒரு கல் இடறினால் உடம்பை வளைத்துச் சமாளிக்க இந்த விறைப்பே தடையாகும்.

நினைப்பால் உடம்பைப் பலப்படுத்தவும் முடியும் என்பது இந்தக் கதையின் நல்ல பக்கம். 1992-இல் அமெரிக்காவில் யூ, கோல் என்ற இருவர், சுண்டுவிரல் பக்கத்துத் தசையை இறுக்குவதாகக் கற்பனை மட்டும் செய்யச் சொல்லி நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். உண்மையாகவே இறுக்கிப் பயிற்சி செய்தவர்களுக்கு வலு 30 சதவீதம் கூடியது. கற்பனை மட்டும் செய்தவர்களுக்கு 22 சதவீதம் கூடியது. வினோத் ரங்கநாதனும் சக ஆய்வாளர்களும் 2004-இல் கிளீவ்லண்டிலிருந்து வெளியிட்ட 12 வார ஆய்வில், மனப்பயிற்சி மட்டும் செய்தவர்களின் சுண்டுவிரல் வலு 35 சதவீதமும் முழங்கை மடக்கும் வலு 13.5 சதவீதமும் உயர்ந்தது. தசை பருக்கவில்லை, தசைக்கு மூளை அனுப்பும் கட்டளை வலுத்தது. கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பவர் சும்மா கிடக்கும் நாட்களில் இதை மருத்துவரைக் கேட்டுச் செய்துபார்க்கலாம்.

இந்தத் துறையில் தமிழர் ஒருவரின் பங்கு உலகறிந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் 1990-களில் கை வெட்டப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாத கை இன்னும் இருப்பதாக அவர்கள் உணர்ந்தார்கள். சிலருக்கு அந்தக் கை மடங்கி, விரல்கள் உள்ளங்கையில் குத்துவதுபோல் இறுகியே கிடந்தது. திறக்க முடியவில்லை. ராமச்சந்திரன் ஒரு பெட்டியின் நடுவில் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கும் கையை உள்ளே விட்டுக் கண்ணாடியில் பார்த்தால், இழந்த கை திரும்ப வந்ததுபோல் தெரியும். இருக்கும் கையை விரித்தபோது, சிலருக்கு இல்லாத கையின் முஷ்டியும் விரிந்தது, வலி தணிந்தது. தசையும் இல்லை, எலும்பும் இல்லை. இருந்தது மூளை வைத்திருந்த உடம்பின் படம் மட்டும். அந்தப் படத்தின் நிலையை மாற்றியதும் வேதனை மாறியது. பக்கவாதத்தால் கை விழுந்தவர்களுக்கும் இன்று கண்ணாடிப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. இந்தத் துறையில் கவர்ச்சியான முடிவுகள் வேகமாகப் பரவி மெதுவாக வாடியிருக்கின்றன. வருங்காலத்தை நினைத்தால் உடம்பு முன்னால் சாயும், கடந்த காலத்தை நினைத்தால் பின்னால் சாயும் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் செய்து பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. கை கால்களை விரித்து வீரத் தோரணையில் இருந்தால் ஹார்மோன்களே மாறி மனத் துணிவு வரும் என்று அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வும் அப்படித்தான். 2015-இல் 200 பேரை வைத்துச் செய்தபோது ஹார்மோன்களில் மாற்றம் இல்லை. அடுத்த ஆண்டு அந்த ஆய்வின் முதல் ஆசிரியரே தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று அறிவித்தார். மேடைப் பேச்சாளர்கள் சிலர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம்ப வேண்டாம். எண்ணம் உடம்பை இயக்கும் விதம் தசையின் இழுப்பாக, பாதத்தின் ஆட்டமாக அளந்து காட்டக்கூடியது. அளந்து காட்டாததை ஒதுக்கிவைப்பதே நல்லது.

அப்படி அளந்ததில் மிக எளிமையான ஒன்று ஸ்வீடனிலிருந்து வந்தது. அதற்குக் கருவியே தேவைப்படவில்லை. லில்லிமோர் லுண்டின்-ஓல்சன் என்ற இயன்முறை மருத்துவரும் சக ஆய்வாளர்களும் முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு நடந்து போகும்போது சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் நடந்துகொண்டே பதில் சொன்னார்கள். 12 பேர் நின்றுவிட்டுப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். 1997-இல் லான்செட் இதழில் வந்த சிறிய கட்டுரை இது. இளம் வயதில் நடையைத் தானே பார்த்துக்கொள்ளும் மூளை, வயதான பின் ஒவ்வொரு எட்டுக்கும் கவனத்தைக் கேட்கிறது. கேள்விக்குப் பதில் யோசிக்கவும் அதே கவனம்தான் வேண்டும். இரண்டுக்கும் போதாதபோது, அறிவாளியான உடம்பு ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைச் செய்கிறது.

ஆட்டையாம்பட்டிச் சந்தையிலோ, காளிப்பட்டி தைப்பூசக் கூட்டத்திலோ உங்கள் அப்பாவையோ பாட்டியையோ கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்போது ஏதாவது கேட்டால், அவர் நின்று பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். நின்றால் நீங்களும் நில்லுங்கள். "நடந்துக்கிட்டே சொல்லுங்கப்பா, பஸ்ஸு போயிரும்" என்று இழுக்காதீர்கள். சாலையைக் கடக்கும்போதும் படி இறங்கும்போதும் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். போன் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுக் கொடுங்கள். இப்படி நிற்பது சமீபத்தில் வந்த பழக்கம் என்றால், அடுத்தமுறை டாக்டரிடம் சர்க்கரை, பிரஷர் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.